ஒரே ஆல்பத்தை எத்தனை முறை வாங்குவது? இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசை வெளியீட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எதற்கு எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்: ஓர் ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் ஒரே பதிப்பில் கொடுங்கள்.

நான் பதின்வயதில் கிறுக்காகக் கேட்ட இருவர், பெயர் வேண்டாம், பிரிந்து, வருடக்கணக்கில் பேசாமல் இருந்து, அறுபதை ஒட்டிய வயதில் மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். அறிவிப்பு வந்த அன்றே முன்பதிவு செய்தேன். பத்துப் பாட்டு, நன்றாகவே இருந்தது. ஆனால் ஒருவர் பாடினால் மற்றவர் ஓரமாக ஹம்மிங் மட்டும் கொடுக்கிறார். சரி, வயதாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில மாதம் கழித்து அதே ஆல்பம் 'டீலக்ஸ்' என்று மூன்று பாட்டு கூடுதலாக வருகிறது, அதில் ஒன்றில் முதலிலிருந்து கடைசிவரை இரண்டு குரலும் சேர்ந்தே போகிறது! இத்தனை வருடம் காத்திருந்ததே அதற்குத்தானே? என்னிடம் இருந்த பத்துப் பாட்டையும் சேர்த்து மறுபடி முழு விலைக்கு வாங்கினேன். இன்னொரு பாட்டு ஏதோ ஒரு கடைக்கான பதிப்பில் மட்டும் இருக்கிறதாம். அதை இன்னும் கேட்கவில்லை.

இடம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். இசைத்தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடச் சொச்சம்தான் நல்ல ஒலியோடு கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். சிடியில் 74 நிமிடம் கிடக்கிறதே? விஷயம், முதல் வார விற்பனையை எண்ணிப் போடும் தரவரிசைப் பட்டியல். ஒரே ஆள் நான்கு பதிப்பு வாங்கினால் கணக்கில் நான்கு விற்பனை. அதற்குத்தான் ஒரே ஆல்பத்துக்கு ஆரஞ்சு நிற இசைத்தட்டு, கண்ணாடி போலத் தெரியும் தட்டு, புள்ளி தெளித்த தட்டு. நிறம் மாறினால் சுருதி கூடுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

'டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் இருவரும் 2004-க்குப் பிறகு 2022-இல்தான் புதிய ஆல்பம் கொடுத்தார்கள். இன்றைய ஹிட் பாடலாசிரியர்களோடு எழுதச் சொல்லி வருடங்கள் வீணாகி, கடைசியில் இருவர் மட்டும் கிதாரோடு உட்கார்ந்தபோதுதான் வழி பிறந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'எவ்ரிதிங் பட் த கேர்ள்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஜோடி 1999-க்கு அப்புறம் 2023-இல்தான் அடுத்த ஆல்பத்தோடு வந்தார்கள், 24 வருடம்! இந்த வயதில் வருகிறவர்களிடமிருந்து இன்னொன்று வருமா என்பதே சந்தேகம். அதையும் துண்டு போட்டுத்தான் விற்க வேண்டுமா?



கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். தயவுசெய்து அடுத்த முறை எல்லாப் பாட்டையும் ஒரே பதிப்பில் கொடுங்கள். முடியாதென்றால், விட்டுப்போன பாட்டுகளை மட்டும் ஒரு சின்னத் தட்டில் போட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு விற்றுவிடுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரே ஆல்பத்தை இரண்டு முறை வாங்கிய ரசிகன்