ஆறு மீட்டர் தாண்டிய நார்வே வீரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சோன்ட்ரே குட்டோர்ம்சென் அவர்களுக்கு,

வணக்கம். போல் வால்ட் எனும் கோலூன்றித் தாண்டுதல் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அது ஸ்வீடன் வீரர் டுப்ளான்டிஸில் போய்த்தான் நிற்கிறது. நீங்கள் இருவருமே 1999இல் பிறந்தவர்கள். நீங்கள் ஜூனில், அவர் நவம்பரில். அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தே உங்கள் தொடக்க ஆண்டுகளைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

2018 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். டுப்ளான்டிஸ் 6.05 மீட்டர் தாண்டினார். அன்று உலக சாதனையை வைத்திருந்த லாவிலெனிக்கே, 5.95 தாண்டியும் வெண்கலம்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட களத்தில், பத்தொன்பது வயதில், நீங்கள் 5.75 தாண்டி ஆறாம் இடம் பிடித்தீர்கள். அது நார்வேயின் தேசியச் சாதனை. நார்வே என்றாலே பனிச்சறுக்கு என்று நினைப்பவர்கள் அந்த உயரத்தைக் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அங்கிருந்து பிரின்ஸ்டன். 2022இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான உள்ளரங்கப் பட்டம், வெளியரங்கப் பட்டம் இரண்டும் உங்களுக்கே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 2023 மார்ச்சின் அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். இஸ்தான்புல்லில் ஐரோப்பிய உள்ளரங்க இறுதிப் போட்டி. நீங்கள், கிரேக்கத்தின் கராலிஸ், போலந்தின் லிசெக் என மூவருமே 5.80 தாண்டினீர்கள். மூவரும் ஒரே உயரத்தில் நின்றால், கம்பியைக் குறைவாகத் தட்டிவிட்டவருக்கே தங்கம். கடைசி உயரத்தில் தொடங்கி முந்தைய உயரங்கள்வரை தவறுகளை எண்ணுவார்கள். 5.80இல் தாண்டுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன் சிறிய உயரங்களில் அலட்சியம் காட்டாமல் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? கோலின் நுனி இருபது சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியில் சரியாக விழ வேண்டும். கோல் வளைந்து நிமிர்வதற்குள் இடுப்பு தலைக்கு மேலே போயாக வேண்டும். உச்சியில் உடலைத் திருப்பி, கோலைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் கம்பி விழும். முதல் உயரத்திலும் இதே வேலைதான். அந்தத் தங்கத்தை நான் உங்கள் மிகச் சிறந்த வெற்றியாக மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து நியூ மெக்சிகோவின் அல்புகர்கியில், கல்லூரி உள்ளரங்கப் போட்டியில் 6.00 மீட்டர்! ஆறு மீட்டர் தாண்டிய முதல் நார்வேக்காரர் ஆனீர்கள், அமெரிக்க வீரர் கே.சி. லைட்ஃபுட்டின் கல்லூரி உள்ளரங்கச் சாதனையையும் சமன் செய்தீர்கள். அல்புகர்கி ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்று மெலிதாக இருப்பதால் ஓட்டத்துக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு என்பார்கள். இருக்கட்டும். பல மணி நேர வித்தியாசத்தில் தூக்கம் குலைந்த உடலுக்கு அந்தச் சாதகம் எந்த மூலைக்கு?

உங்கள் தம்பி சிமெனும் இதே விளையாட்டில் இருக்கிறார். அவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. ஐந்து மீட்டர் நீளக் கோல்களை விமானத்தில் ஏற்றுவதே பெரும்பாடு. இஸ்தான்புல்லில் தங்கம் வாங்கித் தந்த கோல்கள்தானா அல்புகர்கியிலும் உங்கள் கையில் இருந்தவை? நேரம் கிடைக்கும்போது எங்காவது சொல்லுங்கள், தேடிப் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ரசிகன்