ஒலிம்பிக் கமிட்டிக்கு ஒரு மடல்: பக்கத்து ஊர்ப் பாதை என்ன பாவம் செய்தது?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பனியை ஃப்ரீசருக்குள் மட்டும் பார்த்து வளர்ந்தவன் எழுதுகிறேன், இவனுக்கென்ன தெரியும் என்று தள்ளிவிடாதீர்கள், 2026 பிப்ரவரியில் இத்தாலியில் நடந்த மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைத் தூக்கம் கெட்டுப் பார்த்தவன் நான்.

போட்டியை இத்தனை ஊருக்குப் பிரித்துவிட்டீர்களே என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பனியில் சறுக்கிப் போய்த் துப்பாக்கி சுடும் பயத்லானுக்கு அன்டர்செல்வா, நெடுந்தூரம் சறுக்கும் கிராஸ்-கன்ட்ரிக்கு டெசேரோ, மலைச்சரிவில் இறங்கும் ஆண்கள் பனிச்சறுக்குக்கு போர்மியோ என்று ஏற்கெனவே உலகப் போட்டிகள் நடத்திப் பழகிய ஊர்களிடம் கொடுத்தது புத்திசாலித்தனம். வேக ஸ்கேட்டிங்கைப் பாருங்கள், மிலானை ஒட்டிய ரோ என்ற ஊரில் வணிகக் கண்காட்சி போடும் அரங்குகளுக்குள்ளேயே தற்காலிகமாக ஐஸ் போட்டு முடித்துவிட்டார்கள். நிறைவு விழாவுக்கு வெரோனாவில் ரோமர் காலத்து அரங்கம் இருக்கவே இருந்தது.

என் சண்டை கோர்ட்டினாவின் பாப்ஸ்லெட் பாதையைப் பற்றி, அதாவது சறுக்கு வண்டியில் உட்கார்ந்து வேகமாக இறங்கும் அந்த வளைந்த ஐஸ் பாதை. பழைய பாதை 2008-லேயே மூடிக் கிடந்தது. புதிதாகக் கட்ட வேண்டாம், இயங்கிக்கொண்டிருக்கும் பாதையில் நடத்துங்கள் என்று நீங்களே தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள். 2023 அக்டோபரில் உங்கள் கூட்டம் நம்ம மும்பையில் நடந்தபோது, சரி, இத்தாலிக்கு வெளியே நடத்திக்கொள்கிறோம் என்று இத்தாலிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் சில மாதங்களிலேயே இத்தாலி அரசு மனசு மாறி, 12 கோடி யூரோவுக்குப் பக்கமாகக் கொட்டிக் கட்டத் தொடங்கியது. அதற்காக லார்ச் மரங்களை வெட்ட ஆரம்பித்த அன்று செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரிக் கருவி வாசிக்கும் ஒரு கலைஞர் அந்தக் காட்டுக்கே போய் வாசித்தார், சாவு வீட்டில் வாசிப்பதுபோல.

இத்தனைக்கும் 1976 ஒலிம்பிக் நடந்த ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பாதை, எல்லை தாண்டினால் இரண்டு மூன்று மணி நேரப் பயணம்தான். அதை விட்டுவிட்டு, கட்டுமானம் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கைவசம் வைத்திருந்த மாற்று இடம் எது தெரியுமா? அமெரிக்காவின் லேக் பிளாசிட். அட்லாண்டிக்கைத் தாண்டலாம், ஆஸ்திரியா எல்லையைத் தாண்டக் கூடாதா? இதே இத்தாலியில் 2006 டுரின் போட்டிக்குக் கட்டிய செசானா பாதை சில வருடங்களிலேயே பாழடைந்தது அவர்களுக்குத் தெரியாததா என்ன.

இன்னொன்று, பிரித்து நடத்துவதென்றால் போக்குவரத்தும் வேண்டாமா? 1956-ல் கோர்ட்டினாவில் முதல் தடவை நடந்தபோது ஊருக்குள்ளேயே ரயில் வந்தது. 1964-ல் அதை மூடினார்கள். எழுபது வருடம் கழித்து வந்த ரசிகன் கீழே ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் தேட வேண்டியிருந்தது. மிலானிலிருந்து ரோட்டில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், மலைப்பாதை வேறு.

அடுத்தது 2030, பிரெஞ்சு ஆல்ப்ஸ். பாப்ஸ்லெட்டுக்கு 1992 போட்டிக்குக் கட்டிய லா பிளான் பாதையே போதும் என்கிறார்கள், நல்லது. வேக ஸ்கேட்டிங்கை வெளிநாட்டில் வைத்துக்கொள்வதாக விண்ணப்பத்திலேயே எழுதினார்கள், அது இன்னும் நல்லது. நாளைக்கு யாராவது ஒரு அமைச்சர், நம் மண்ணில்தான் நடக்க வேண்டும், புதிதாக ஒன்று கட்டுவோம் என்று மேடையில் முழங்கினால், இந்தத் தடவையாவது வளைந்துகொடுக்காதீர்கள். அந்த விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
பனியே பெய்யாத ஊரிலிருந்து ஒரு ரசிகன்