நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்காவில் இருக்கும் எங்கள் தமிழர் ஊர் மாரியம்மன் திருவிழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நோட்டீஸ் புரூஃபை என்னிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு இடத்தில் ளகரம் மாறியிருந்தது, திருத்தினேன். மூன்றாம் நாள் மாவிளக்கு வரிசையில் மேற்குத் தெரு, கிணற்றுத் தெரு என்று வந்து, கடைசியில் 'காலனி மக்கள்' என்று இருந்தது. அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தச் சொல்லை நாற்பது வருஷமாக நானும் சொல்லி வந்தவள்தான். 'காலனிக்காரங்க வந்தாச்சா' என்று பாட்டி கேட்பார், நானும் அப்படியே கேட்டுப் பழகினேன். யாரையும் தாழ்த்த வேண்டும் என்று நினைத்ததே இல்லை. ஆனால் அங்கிருந்து வந்து என் தையல் கடையில் வேலை செய்யும் பெண், ரேஷன் கார்டுக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ எந்தப் படிவம் வந்தாலும் முகவரியில் காலனி என்று போடாமல் 'வாய்க்கால்மேடு' என்றே எழுதுவாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "அந்தப் பேரை எழுதினா அப்புறம் எங்க சாதியத் தனியாக் கேக்க வேண்டாமுல்லங்க அக்கா" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சொல் என் நாக்கில் ஏறவில்லை.

ஆசிரியர் காலனி, ரயில்வே காலனி என்று பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கிறதே, அங்கே யாரும் கூசவில்லையே என்பீர்கள். சரிதான். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லின் வேரே உழவர்கள் குடியேறிய இடம் என்பதுதான், அதில் இழிவு ஏதும் இல்லை. முன்னால் வேறு சொல் ஒட்டினால் அது குடியிருப்பின் பெயர். ஒன்றும் ஒட்டாமல் வெறும் 'காலனி' என்றால், நம் பக்கத்தில் அது சாதியின் பெயர். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெரியும்.

2024 ஜூன் 18 அன்று, கேரள அமைச்சர் பதவியிலிருந்து விலகும் முன், கே. ராதாகிருஷ்ணன் போட்ட உத்தரவு நினைவிருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வசிக்கும் இடங்களைக் காலனி என்று இனி அழைக்க வேண்டாம், நகர், உன்னதி, பிரகிருதி போன்ற பெயரோ அந்தந்த ஊருக்கு ஏற்ற பெயரோ வைக்கலாம் என்றது அது. அவர்தான் இன்று நம் ஆலத்தூர்த் தொகுதியின் எம்.பி. பத்து மாதம் கழித்து, 2025 ஏப்ரல் 29 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலினும் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம் என்று ஆன சொல், நம் கோயில் மைக்கில் மட்டும் ஏன் ஒலிக்க வேண்டும்?

"பேரை மாத்தினா எல்லாம் மாறிடுமா?" என்று தலைவர் மாமா கேட்பார். நியாயமான கேள்வி மாமா. ஹரிஜன் என்ற சொல் மரியாதைக்கென்றே வந்தது. காந்தி 1933இல் அந்தப் பெயரில் பத்திரிகையே தொடங்கினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. கடைசியில் அதுவும் கசந்து போய், அரசுச் சான்றிதழில் எழுத வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்ற 'ஆதிதிராவிடர்' என்ற பெயரைப் பாருங்கள். எம்.சி. ராஜா போன்ற அந்த மக்களின் தலைவர்களே கேட்டு வாங்கிய பெயர் அது. நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. அடுத்தவர் வைத்த பெயருக்கும் தாங்களே கேட்ட பெயருக்கும் அந்த வித்தியாசம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலக்காட்டில் கல்லூரி படித்தபோது, தமிழச்சி என்பதால் என்னைக் கேலியாகப் 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். நம்மில் பலருக்கும் அது நடந்திருக்கும். பாண்டிய நாட்டின் பெயர்தான் அது. திருச்சூர்ப் பூரத் திருவிழாவில் பாண்டி மேளம் என்னும் செண்டை மேளம் கொட்டினால் ஆயிரக்கணக்கானவர்கள் கை உயர்த்தித் தாளம் போடுகிறார்கள். அதே சொல்லைப் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒருவன் சொன்னபோது எனக்கு முகம் எரிந்தது. அகராதியில் பொருள் பார்த்து ஆறுதல் அடைய முடியவில்லை. 'சும்மா விளையாட்டுக்கு' என்றார்கள். நானும் அதையேதான் வாய்க்கால்மேட்டுக்காரர்களிடம் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாவிளக்குக்கு அவர்களும் தலைக்கட்டு வரி தருகிறார்கள். புரூஃப் இன்னும் அச்சகத்தில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரையாவது அழைத்து, எந்தப் பெயர் போட வேண்டும் என்று கேளுங்கள். வாய்க்கால்மேடு என்று சொல்வார்கள் என்றே நினைக்கிறேன், வேறு சொன்னாலும் அதையே போடுங்கள். மைக் பிடிக்கும் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். அச்சுக்கூலி கூடினால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மேற்குத் தெருத் தையல்காரி