வாட்டர் சர்வீஸில் கெட்டுப்போன டிராக்டர்கள்: நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
டிராக்டர் உரிமையாளர்கள்,
தலைஞாயிறு – வேதாரண்யம் வட்டாரம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டிராக்டர் உற்பத்தி நிறுவனம்.

பொருள்: அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் தவறான முறையில் கழுவியதால் டிராக்டர்களின் பெயின்ட்டும் எஞ்சின் பாகங்களும் கெட்டது – வாரண்டியில் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். சம்பாவுக்குச் சேறடித்து முடித்த கையோடு, தங்கள் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டிராக்டர்கள் குறிப்பிட்ட மணிநேர சர்வீஸுக்காகத் தங்கள் அங்கீகாரம் பெற்ற மையத்தில் விடப்பட்டன. எல்லா வண்டிகளின் ஜாப் கார்டிலும் ‘வாட்டர் சர்வீஸ், ஆயில் ஸ்பிரே’ என்று தனி வரி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். வண்டி திரும்பி வந்தபோது ஆயில் மாறியிருந்தது, ஃபில்டர் மாறியிருந்தது. ஆனால் பானட்டின் பளபளப்பு திட்டுத் திட்டாகச் செத்துப்போய், மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. டைமிங் கவர், டைனமோ கூடு, எஃப்ஐபி பம்பின் (எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உடல் என அலுமினியமாக இருக்கும் எல்லாம் கறுத்தும் வெள்ளைப் பொடி பூத்தும் கிடக்கின்றன. ரேடியேட்டர் தகடுகள் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டன. சில வண்டிகளில் கிளட்ச் பிரியவில்லை. ஒரு வண்டியின் கியர் ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டதற்கு மையம் தந்த பதில், “வெளியில் எங்கோ வாட்டர் சர்வீஸ் விட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்பது. கழுவியதற்கான ரசீது அவர்களே கொடுத்தது. அதன் நகலை இணைத்திருக்கிறோம். எந்தப் பழுது எதனால் வந்தது என்பதையும் கீழே எழுதுகிறோம். தங்கள் பொறியாளர்கள் வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

முதலில் காஸ்டிக் சோடா என்னும் கடும் காரம். களிமண் சேறும் கிரீஸும் சேர்ந்து இறுகிய இடங்களைச் சுலபமாக வெளுப்பாக்க, காஸ்டிக் கரைத்த தண்ணீரை எஞ்சின் முழுக்க அடித்திருக்கிறார்கள். கிரீஸை அது அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பை விட்டுவிடும் காஸ்டிக், அலுமினியத்தை விடாது. அலுமினியத்தோடு சேர்ந்தால் நுரைத்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்; மேற்பரப்பு அரிக்கப்பட்டு, வார்ப்பில் கலந்திருக்கும் சிலிக்கான், செம்பு மட்டும் கறுப்புப் படலமாக நிற்கும். காய்ந்தபின் தெரியும் வெள்ளைப் பொடி அலுமினியம் ஹைட்ராக்சைடு. துத்தநாகத்தையும் காஸ்டிக் கரைக்கும். அதனால்தான் போல்ட்டுகள், கிளிப்புகள், டீசல் பைப் நட்டுகள் மேலிருந்த பூச்சு போய், இப்போதே செந்துரு ஏறுகிறது. பெயின்ட்டுக்கு நடந்ததும் இதே கதை. எண்ணெய் சார்ந்த அல்கைடு எனாமல் எதுவானாலும் காரம் பட்டால் அதன் பிசின் சோப்பாக மாறும். மேல் படலம் சோப்பாகிக் கரைந்துபோன இடத்தில் நிறமி மட்டும் சுண்ணாம்பு மாதிரி நிற்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் துணியில் பானட்டின் நிறம் ஒட்டுகிறது. இது வெயிலால் மங்கியது என்று மையத்தில் சொன்னார்கள். வெயிலால் மங்கினால் பானட்டின் மேற்பரப்பு முழுதும் ஒரே சீராக மங்கும். தண்ணீர் வழிந்த தாரையில் மட்டும் மங்காது.

இரண்டாவது, சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர். வண்டி வந்து நின்றதும் கழுவும் இடத்துக்கு ஏற்றி, சிலவற்றை ஐடிலில் ஓடவிட்டபடியே தண்ணீர் அடித்திருக்கிறார்கள். எங்கள் முக்கியமான கவலையே இதில்தான். எஃப்ஐபி பம்பின் பிளஞ்சருக்கும் (டீசலை அழுத்தும் தண்டு) அது ஓடும் குழாயான பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் சூடான பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளிக்கூடு சட்டென்று சுருங்கும். உள்ளே பிளஞ்சர் சூடாகவே இருக்கும். இடைவெளி அடைபட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பம்பைத் திறந்து பார்க்கும் செலவு யார் தலையில் விழும் என்பது தங்களுக்கே தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்பதால் திடீர்க் குளிர்ச்சியில் கீறல் விழவும் இடமுண்டு. எஞ்சினை நிறுத்தி, பிளாக்கில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் நிற்க முடிகிற சூட்டுக்கு வந்த பிறகே தண்ணீர் பட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரின் வேகமும் அது போன இடங்களும். ஊசி போன்ற ஒற்றைத் தாரை நாசிலைக் கிட்டத்தில் பிடித்து அடித்திருக்கிறார்கள். ஆயில் சீல் என்பது உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியே வராமலும், தெறிக்கும் சேறு உள்ளே போகாமலும் தடுக்கத்தான்; நேராகப் பாயும் தாரையைத் தாங்க அல்ல. முன்சக்கர ஹப், கிங் பின், பெடல் ஷாஃப்ட், டை ராடு முனை எல்லாவற்றிலும் தண்ணீர் போயிருக்கிறது. இதில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது: கிரீஸ் அடித்த பிறகு கழுவியிருக்கிறார்கள். கழுவிய பிறகுதான் கிரீஸ் கன்னை எடுக்க வேண்டும். கிரீஸ் ஏற்றும் முனையான ஒவ்வொரு நிப்பிளிலும் ஈரமான பழைய கிரீஸ் பிதுங்கி, புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தால்தான் உள்ளே நின்ற தண்ணீர் வெளியேறும்.

கியர் ஆயில் வெளுத்ததற்குக் காரணம் கியர் பெட்டியின் மேலுள்ள பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகப் போன தண்ணீர். தங்கள் மாடலில் கியருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில் என்பதால், அந்தத் தண்ணீர் ஹைட்ராலிக் பம்ப், கன்ட்ரோல் வால்வு வரை சுற்றி வந்துவிட்டது. வெறுமனே ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினால் போதாது. வடித்து, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி, புதிது ஊற்றி, லிஃப்ட்டைப் பலமுறை ஏற்றியிறக்கிய பின் மறுபடி ஆயிலின் நிறம் பார்க்க வேண்டும். வெளுப்பு தெரிந்தால் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

கிளட்ச் ஒட்டிக்கொண்டதும் தண்ணீரால்தான். செல்ஃப் மோட்டார் பொருந்தும் இடம் வழியாகவும் பெடல் ஷாஃப்ட் ஓட்டை வழியாகவும் கிளட்ச் ஹவுசிங்குக்குள் தண்ணீர் இறங்கும். சேறடிக்கும்போது ஹவுசிங்கின் அடியில் ஒரு பிளக் மாட்டுகிறோம் அல்லவா, அது சர்வீஸின்போதும் மாட்டியபடியே இருந்திருக்கிறது. இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. ஃப்ளைவீல் முகத்தில் துருப்பிடித்து, வண்டி சும்மா நின்ற நாட்களில் கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டது. கழுவி முடித்ததும் அந்தப் பிளக்கைக் கழற்றி, சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஆயில் சொட்டினால் கிராங்க் சீலோ கியர் பெட்டி சீலோ போய்விட்டது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஏர் கிளீனரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏர் கிளீனருக்கு முன்னால் காற்று நுழையும் பிரீ கிளீனரின் வாயையும் சைலன்சர் வாயையும் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டாமல் கழுவியிருக்கிறார்கள். ஆயில் பாத் வகை ஏர் கிளீனரின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி ஆயிலின் மட்டம் ஏறியிருப்பதை நாங்களே கழற்றிப் பார்த்தோம். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டால் என்ன ஆகும்? தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும்.

நான்காவது, ‘ஆயில் ஸ்பிரே’. டீசலோடு கழிவு எஞ்சின் ஆயிலைக் கலந்து அடியெல்லாம் அடிப்பதை ஒரு கூடுதல் வசதியாகவே மையங்கள் விற்கின்றன. அன்றைக்கு வண்டி கறுப்பாக மின்னும் என்பது தவிர இதில் நன்மை எதுவும் இல்லை. ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பி மெத்தென்று ஆகும். ஃபேன் பெல்ட் வழுக்கும். ரேடியேட்டர் தகட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் அறுவடைக் காலத்துத் தூசியும் வைக்கோல் சுணையும் அதில் பாய் போல் படியும், எஞ்சின் சூடேறும். சைலன்சர் பக்கம் எண்ணெயில் ஊறிய வைக்கோல் தூசு தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மெக்கானிக்குகளுக்கும் இது கெடுதல்தான். எல்லா இடத்திலும் எண்ணெய் பூசிவிட்டால் எந்த கேஸ்கெட்டில் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்தாவது, கழுவிய தண்ணீர். வேதாரண்யம் பக்கம் உப்பளம் இருக்கும் நிலத்தில், போர் தண்ணீர் உப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். மையத்தில் அந்தத் தண்ணீரிலேயே அலசி வெயிலில் காயவிட்டிருக்கிறார்கள். மட்கார்டு மடிப்பு, பானட் கீல், பேட்டரித் தட்டு, ஃபுட் போர்டின் அடி என்று தண்ணீர் தேங்கும் இடங்களில் உப்பு தங்கி, அங்கிருந்துதான் துரு புறப்படுகிறது. உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டிய கட்டாயம் இருந்தாலும், கடைசி அலசலுக்கு ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் போதும். யூரியா, டிஏபி தூவிய பருவத்தில் இது இன்னும் அவசியம். உரத் தூள் காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்ட் கீறிய இடத்தில் இரும்பை அரிக்கும்.

எப்படிக் கழுவியிருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறோம், ஏனென்றால் தாங்கள் தரும் கையேட்டில் கிரீஸ் பாயின்ட் படமும் ஆயில் அளவும் விவரமாக இருக்க, கழுவுவதைப் பற்றி ஒன்றிரண்டு வரிகள்தான் இருக்கின்றன.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பிரீ கிளீனர், சைலன்சர், டைனமோ, செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பெட்டி, மீட்டர் போர்டு, கியர் பெட்டி பிரீதர், டீசல் டேங்க் மூடி எல்லாவற்றையும் பாலித்தீனால் கட்ட வேண்டும். காய்ந்த சேற்றைச் சுரண்டவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. களிமண்ணில் உள்ள மணல் பெயின்ட்டைக் கோடு கோடாகக் கிழிக்கும். குறைந்த வேகத்தில் நனைத்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, பிறகு விசிறி நாசிலால் ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்திலிருந்து சாய்வாக அடித்தால் கட்டி கட்டியாக விழும். ஸ்டிக்கர் ஓரத்தில் நேராக அடிக்கக் கூடாது. கிரீஸ் படிந்த இடத்துக்கு அலுமினியத்துக்குப் பாதகமில்லாத டிகிரீசரைப் பூசி, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள், அது காய்வதற்கு முன், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். பானட், மட்கார்டுக்குக் காரமில்லாத வாகன ஷாம்பு போதும். ஒரு வாளி ஷாம்பு தண்ணீர், ஒரு வாளி துணி அலசும் தண்ணீர் என்று பிரித்து வைத்தால் மணல் திரும்பப் பெயின்ட்டுக்கு வராது. ரேடியேட்டரை விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக, வேகம் குறைந்த தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை, மூடிகள் இறுக மூடியிருக்கும் நிலையில், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, மாட்டிய பின் வாசலின் தடவ வேண்டும்.

பிறகு காற்றடித்து உலர்த்தல், கிரீஸ், எஞ்சினை ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஈரம் போக்குதல். டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறம் பார்ப்பதும், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரை வடிப்பதும் இதோடு சேர்ந்தவை. பிடிஓ ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு), டாப் லிங்க் மரை போன்ற பெயின்ட் இல்லாத இரும்பில் மெல்லிய கிரீஸ் பூச வேண்டும். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நிழலில் ஒரு மெல்லிய வாக்ஸ் பூச்சு கொடுத்தால் அடுத்த சேறு அவ்வளவு ஒட்டாது.

பெயின்ட் வேலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மையத்தில் “டச்சப் அடித்துத் தருகிறோம்” என்றார்கள். துருவின் மேல் அப்படியே அடிக்கும் டச்சப் எங்களுக்கு வேண்டாம். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி எடுத்த பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும். உப்பு அடியில் தங்கினால் பெயின்ட் கொப்பளிக்கும். எண்பது நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, நூற்றெண்பது, முந்நூற்றிருபது என்று தேய்த்து, ஓரத்தைப் படிக்கட்டாக நிற்காமல் சரிவாக்க வேண்டும். தின்னரால் துடைத்து, கடல் காற்றில் மறுபடி துரு ஏறுவதற்குள் எபாக்சி பிரைமர் இரண்டு கை அடிக்க வேண்டும். மேல் பெயின்ட் தங்கள் கம்பெனியின் கலர் கோடுப்படி, ஹார்டனர் கலந்ததாக இருக்க வேண்டும். சைலன்சருக்கும் மேனிஃபோல்டுக்கும் சூடு தாங்கும் பெயின்ட் தவிர வேறு எதுவும் நிற்காது.

எனவே நாங்கள் கேட்பது இவை. இணைப்பில் குறிப்பிட்ட ஒவ்வொரு வண்டியையும் தங்கள் ஏரியா சர்வீஸ் பொறியாளர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை தர வேண்டும். கியர் ஆயில், கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் முகம், முன் ஹப் பேரிங், ரேடியேட்டர், ஹோஸ் ஆகியவற்றைச் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். எஃப்ஐபி பம்பைப் பரிசோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்த்து, அதன் அறிக்கையும் தர வேண்டும். இப்போது பழுது தெரியாவிட்டாலும் அந்தப் பம்பின் வாரண்டியை நீட்டிக்க வேண்டும். பானட், மட்கார்டு பெயின்ட்டை மேலே சொன்ன முறையில் செய்து தர வேண்டும். வாட்டர் சர்வீஸ், ஆயில் ஸ்பிரே என்று வாங்கிய கட்டணத்தைத் திருப்ப வேண்டும். கழுவும் முறையைத் தமிழில் அச்சிட்டு, எல்லா மையங்களிலும் கழுவும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். காஸ்டிக்கும் கழிவு ஆயிலும் அந்த இடத்தில் இருக்கவே கூடாது.

அறுவடைக்கு முன் வண்டிகள் ஓடும் நிலைக்கு வர வேண்டும் என்பதால், இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம்.

இப்படிக்கு,
டிராக்டர் உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: ஜாப் கார்டு, ரசீது நகல்கள், பானட், டைமிங் கவர், ரேடியேட்டர் புகைப்படங்கள், வடித்தெடுத்த கியர் ஆயில், மூடி முத்திரையிட்ட பாட்டிலில்.