பேச்சிக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து

திருவல்லிக்கேணி,
பிப்ரவரி 2025

அன்புள்ள பேச்சி,

உன் கடிதமும் அதோடு நீ கொடுத்துவிட்ட கருப்பட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கருப்பட்டி வாசம் பிடித்து அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் சூழ்ந்துகொண்டார்கள். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் துணியில் முடிந்து புத்தகப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். உன் வீட்டு அண்ணன் அதை வீடியோ காலில்தான் பார்த்தாராமே. துபாயில் லீவு எப்போது கிடைக்குமாம்?

"படிப்பு, வேலை, சமையல், இதுக்கு நடுவுல ராத்திரி கடற்கரை வேற, எப்படிட்டி சமாளிக்கிற?" என்று கேட்டிருந்தாய். கேட்ட கையோடு, "அந்த ஆமை தேடுற நடையையாவது விட்டுட்டா கொஞ்சம் தூங்கலாம்ல" என்று பதிலையும் நீயே எழுதிவிட்டாய். அம்மாவும் இதையேதான் சொல்கிறாள். எங்கள் நெறியாளரும் ஒரு நாள் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டீர்கள் என்பதால் உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் ருசியாக ஒன்றுமில்லை. காலையில் சேப்பாக்கத்தில் வகுப்பு, நடந்தே போய்விடலாம். மூன்று மணிக்கு மேல் ராயப்பேட்டையில் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பக்கக் கணக்கில் காசு. 'பயிற்ச்சி', 'முயற்ச்சி' இரண்டையும் திருத்தித் திருத்தியே என் சிவப்புப் பேனா தீர்ந்துபோகிறது. புத்தகக் காட்சி நடந்த நாட்களில், அதாவது டிசம்பர் 27 முதல் ஜனவரி 12 வரை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வேறொரு பதிப்பகத்தின் கடையில் நின்றேன். கால் வீங்கியதுதான் மிச்சம். பேசிய சம்பளம் இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை. கேட்டால் "அடுத்த வாரம் வாம்மா" என்கிறார்கள். நாம் மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2022 செப்டம்பரில், கல்லூரிப் பெண்களுக்கான அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் வந்ததும் டவுனுக்குப் போய் அல்வா வாங்கினோமே, நினைவிருக்கிறதா? அது இளங்கலையோடு நின்றுபோயிற்று. எம்.ஏ.வுக்கு வந்தவளுக்கு இந்த புரூஃப்தான் புதுமைப் பெண்.

சமையல் அப்படியில்லை, அதில் சொல்ல நிறைய இருக்கிறது. எங்களுடையது மாடிவீடு. சொந்த முகவரிச் சான்று இல்லாததால் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர்தான். நாலு பேரும் முறை வைத்துச் சமைக்கிறோம். வேலூர்க்காரி முறை வந்தால் காரக்குழம்பு, கடலூர்க்காரி முறையென்றால் ஜாம் பஜாரில் என்ன மீன் மலிவோ அது. கிருஷ்ணகிரிப் பெண் களி கிண்டிக் கீரை கடைவாள். முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு இப்போது நான்தான் இரண்டாவது உருண்டை கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் முறை. சொதி வைத்தேன். புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது என்றதும் மூன்று பேரும் நம்பவே இல்லை. அருவாமனை இல்லாததால் தேங்காயைக் கீறித் துண்டு போட்டு மிக்சியில் அரைத்தேன். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று கிண்ணத்தில் பிழிந்து வைத்தபோதே ஒருத்தி "என்ன, லேப் மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாம் பாலில் காய் வெந்ததும் பாசிப்பருப்பு, அப்புறம் இரண்டாம் பால், அதோடு இஞ்சி, பச்சை மிளகாய் விழுது. முதல் பாலை ஊற்றிவிட்டு நான் அடுப்பை விட்டு நகரவில்லை. ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிட்டேன். இறக்கி ஆறவிட்டுத்தான் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நம் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு இது என்று சொன்னதும், "அப்ப மாப்பிள்ளை எங்கே?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி செய்யப் புளி கரைத்தபோதுதான் வேலூர்க்காரிக்கு உயிர் வந்தது.

சரி, ஆமைக்கு வருகிறேன்.

இங்கே 1988 முதல் மாணவர்களே சேர்ந்து நடத்துகிற கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஜனவரியிலிருந்து இரவில் கடற்கரையோரம் நடப்பார்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் விருப்பப்பட்ட பொதுமக்களும் கூடப் போகலாம். நானும் போன வருடம் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஒட்டிக்கொண்டேன். நீலாங்கரையில் கூடி, பதினோரு மணிக்கு மேல் புறப்பட்டு, பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலிலேயே நடை. டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் கரையேறுகிற ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

தேடுவது ஆமையை அல்ல, அது வந்து போன தடத்தை. நடுவில் வயிறு இழுபட்ட பட்டையும் இரண்டு பக்கமும் துடுப்புகள் மாறி மாறி ஊன்றிய குழிகளுமாகக் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறும், திரும்பி இறங்கும். மேட்டில் மணல் கலைந்து கிடக்கிற இடத்தில், பழகிய அண்ணன் ஒருவர் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார். வேறெங்கும் மணல் இறுகி எதிர்த்து நிற்கும். முட்டைக்குழிக்கு மேலே மட்டும் குச்சி பொசுக்கென்று இறங்கும். அப்புறம் குப்புறப் படுத்துக்கொண்டு கையால் தோண்டுவோம். முழங்கை உள்ளே போன பிறகுதான் முதல் முட்டை தட்டுப்படும். ஓடு கோழிமுட்டை மாதிரி உடையாது, தோல் போல அமுங்கும். ஒரு குழியில் நூறுக்கும் மேலேயே இருக்கும். ஒவ்வொன்றாக, உருட்டாமல் புரட்டாமல் எடுத்து, பெசன்ட் நகர்க் காப்பகத்தில் அதே ஆழத்துக்குப் பானை வடிவில் குழி வெட்டித் திரும்பப் புதைப்போம். நாற்பத்தைந்து நாள் சுமாருக்குக் குஞ்சு வெளிவரும். கரையிலேயே விட்டுவிட்டால் நாய் தோண்டும். தப்பிப் பொரிந்தாலும், குஞ்சுகள் கடல்தான் வெளிச்சமான பக்கம் என்று நம்பி சாலை விளக்குகளைப் பார்த்து ஊருக்குள் நடந்துவிடும். இன்னொன்று கேள்: மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். ஆலங்குளம் வெயிலுக்கு மனுஷருக்கும் இப்படி இருந்திருந்தால் உங்கள் தெருவில் மாப்பிள்ளை தேடி ரொம்பவே திண்டாடியிருப்பீர்கள்.

இந்த ஜனவரியில் மட்டும் போகவே மனம் வரவில்லை. ஒரே மாதத்தில் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாமல் மூச்சு முட்டியே சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது, ஆமை தப்பிக்க வலையில் வழி வைக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கத்தான் செய்கிறது. ஒரு இரவு தடம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் செத்தவற்றை மட்டும் குறித்துக்கொண்டு வந்தோம். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி... வேண்டாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு இதையெல்லாம் எழுதக் கூடாது. மறுநாள் மீன்குழம்பு முறை கடலூர்க்காரியுடையது. நான் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டேன். அவள் மீனவர் வீட்டுப் பெண். "எங்கப்பா சின்ன ஃபைபர் படகுல போறவரு, எங்களைத் திட்டாதே" என்றாள். திட்டவே இல்லையடி என்று சொல்லியும் ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

இதையெல்லாம் ஏன் விட முடியாது என்கிறாயா? நாள் முழுக்க நான் செய்கிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எண்ணுகிறார். வகுப்பில் வருகைப்பதிவு, பதிப்பகத்தில் பக்கம், வீட்டில் சமையல் முறை, அம்மாவுக்கு வயசு. அந்த ஏழு கிலோமீட்டரில் மட்டும் நான் யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. விடிகாலையில் பெசன்ட் நகரில் டீ குடித்துவிட்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வருவேன். அந்தத் தூக்கம் போதும் எனக்கு.

ஆனால் அதிலும் ஒரு வினை வந்து சேர்ந்துவிட்டது. என் ஆய்வேடு கடற்கரையைப் பாடும் நெய்தல் பாட்டுகளில் வரும் உயிரினங்கள் பற்றியது என்று சொன்னேன் அல்லவா? அகநானூற்றின் 160ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. அடும்பங்கொடி சிதைய, வெண்மணல் மேட்டின் பக்கத்தில் சூல் நிறைந்த ஆமை முட்டையிட்டுப் புதைத்துப்போகும். முட்டை தந்தத்தில் செய்த உருண்டையான வட்டுக்காய் போல இருக்கும், புலால் நாறும். குஞ்சாகும்வரை அகன்ற வாயுடைய ஆண் ஆமை காவல் காக்கும் என்கிறது பாட்டு. வடிவம் சரி. புலால் நாற்றத்துக்கு என் கையே சாட்சி, சோப்புப் போட்டாலும் போகாது. நப்பசலையாரோ அவருக்குச் சொன்னவரோ அந்த முட்டையை எடுத்து மோந்து பார்த்திருக்க வேண்டும். காவல் காக்கிற கணவன்தான் இடிக்கிறது. ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரைக்கு வருவதே இல்லை. பெண்ணும் மணலை மூடிவிட்டு அப்படியே போய்விடும். இன்றைக்குக் காவல் இருப்பது காப்பகத்தில் தூங்கி வழிகிற ஏதாவது ஒரு கல்லூரிப் பையன்தான். (உடனே அண்ணனை நினைத்து முகத்தைத் தூக்காதே, அவரைச் சொல்லவில்லை.)

இதை நெறியாளரிடம் சொல்லப்போக, அவர் உற்சாகமாகிவிட்டார். "தனி அத்தியாயமாவே எழுதும்மா" என்றார். இப்போது ராத்திரி போகாதே என்று சொல்வதில்லை, தடத்தைப் படம் எடுத்து வரச் சொல்கிறார். எனக்கு இதில் பாதி சந்தோஷம்தான். ஒரு காரியமாவது எதற்கும் பயன்படாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன், அதற்கும் அத்தியாய எண் போட்டாயிற்று.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், நீ நினைத்தவன்தான். கேட்டான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பிடிக்காமல் இல்லை. மே மாதம் படிப்பு முடிகிறது, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வு எழுத வேண்டும், அப்பாவுக்கு முட்டுவலி, தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. இதற்கிடையில் அவனுக்கு என்னவென்று சொல்ல? அவனும் அவசரப்படுத்தவில்லை, அதுதான் கொஞ்சம் ஆபத்தாக இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் அறையில் எல்லாரும் வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் ஏதாவது உளறி வைத்துவிடுவேனோ என்று பயம், அதனால் அப்போது மாவு ஆட்டப் போய்விடுவேன். அம்மாவிடம் மூச்சு விடாதே.

இப்போது உன் கதை. எம்.ஏ. சேரலாமா என்று கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ உப்பு இருக்கா என்று கேட்பதுபோலக் கேட்டிருந்தாய். நம் வகுப்பில் யாப்பு உனக்கு வந்த மாதிரி யாருக்கு வந்தது? அஞ்சல் வழியில் படித்தால் மதிப்பில்லை என்று அத்தை வீட்டில் யாரோ சொன்னார்களாம். 2022இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரில் படித்ததற்குச் சமம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. நம் மனோன்மணியம் சுந்தரனாரிலும் தொலைநிலைப் பிரிவு இருக்கிறது, உனக்கு அது பக்கம். நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டில் வருகிற நமக்கெல்லாம் 50 போதும். 150 கேள்வி, மூன்று மணி நேரம், தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பாப்பா நடக்க ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதே. நடக்க ஆரம்பித்தால் அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பாய், இப்போதுதான் மடியில் கிடக்கிறாள். பாடப்புத்தகம் வந்ததும் என் குறிப்பேடுகளையும் அனுப்புகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒரு எட்டு வந்து போயேன். தென்காசியில் பொதிகை ஏறினால் காலையில் சென்னை. ராத்திரி நடை உன்னால் முடியாது, வேண்டவும் வேண்டாம். அந்தச் சமயத்தில் சாயங்காலம் பெசன்ட் நகரில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். அறையில் இருக்கிறவர்கள் பிள்ளையைக் கீழே விடமாட்டார்கள், நீ ரெண்டு நாள் நன்றாகத் தூங்கு. வரும்போது நல்ல தேங்காயாக நாலும், அத்தை போட்ட கூழ்வற்றல் கொஞ்சமும் கொண்டுவா. பை ஒன்றோடு நிறுத்திக்கொள், எங்கள் வீட்டு மாடிப்படி ரொம்பக் குறுகல்.

அன்புடன்,
வள்ளி

பி.கு.: புளிமிளகாய்க்கு எள் வறுத்துப் பொடித்துப் போடுவார்களா, பச்சையாகவா? உங்கம்மாவிடம் கேட்டு எழுது. அடுத்த ஞாயிறு என் முறை, வேலூர்க்காரிக்குப் புளி காட்ட வேண்டும்.