கொம்பு ஃபைலை மட்டும் தொடவில்லை

புதுச்சேரி
ஞாயிறு மதியம்

அன்புள்ள எலி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்ட வேண்டியதை இப்போதே திட்டிவிடு, ஆனால் கொஞ்சம் மிச்சம் வை. கீழே இன்னொன்று இருக்கிறது. பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, காய்ச்சல் நிஜம்தான். காலையிலேயே இறங்கிவிட்டது என்பதைத்தான் சொல்லவில்லை. அம்மா இப்போது மஞ்சக்குப்பத்தில் சௌக்கியம், உன்னைக் கேட்டார்கள்.

இரண்டு குடும்பமும் நான்கு மாதம் மல்லுக்கட்டி ஒரு பெயர் வைத்தீர்கள். நான் ஒரே ராத்திரியில் 37 ஃபைலுக்குப் பெயர் மாற்றினேன். அந்தக் கூத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் நம் எழுத்துரு மாற்றியில் விழுப்புரத்துப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான், கல்லூரி இரண்டாம் ஆண்டு. வந்த முதல் வாரமே கேட்டான்: "அக்கா, 'மாமி'ன்னு ஒரு ஃபைல் இருக்கே, அதுல என்ன இருக்கு?" என்ன பதில் சொல்வது, சொல். 'புதுசு' ஃபைலைவிட 'புதுசு2' ஏன் பழசு என்று அடுத்த நாள் கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து டிஸ்கி, பாமினி என்று எந்தக் குறியாக்கமோ அந்தப் பெயரையே ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையோடு டேப் எல்லாவற்றையும் நான்கு ஸ்பேஸாக்கி, ஃபங்ஷன் பெயர்களையும் மாற்றி, எல்லாவற்றையும் கிட்டில் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில் போட்டு, எல்லோருக்கும் பொதுவான மெயினில் புஷ் செய்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையன் மறுபடி வந்தான். "அக்கா, 'இங்கே கை வைத்தால் வெள்ளம் வௌவால் ஆகிவிடும்'னு எழுதியிருக்கீங்களே, ஏன்?" நான் எங்கே எழுதினேன்? அது நீ எழுதியதுடி. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதியும் ள-வும் பார்க்க ஒன்றாக இருப்பதால், கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று நீ உட்கார்ந்து சேர்த்த பட்டியல். எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பிளேமில் பார்த்தால் அந்த வரிக்கு என் பெயர். மேலே என் பெயர், கீழேயும் என் பெயர். கொம்பை எழுத்துக்கு முன்னாலிருந்து பின்னால் தள்ள ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாயே, அந்த இருநூற்றுச் சொச்சம் வரியும் நான் ஒரே ராத்திரியில் எழுதியதாகக் காட்டுகிறது.

வயிற்றைக் கலக்கிவிட்டது எலி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெயர் மாற்ற நான் 'எம்வி' கட்டளை கொடுத்தால் போதும், கிட் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பெயர் மாற்றம் என்று அது எதையும் எழுதி வைப்பதில்லை. ஒரு ஃபைல் போயிருக்கிறது, ஒன்று வந்திருக்கிறது, இரண்டும் பாதிக்குமேல் ஒத்துப்போனால் பெயர் மாற்றம் என்று நாம் கேட்கும்போது ஊகிக்கிறது, அவ்வளவுதான். நான் வரிக்கு வரி கை வைத்ததில் ஒப்புமை 50 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. பழைய ஃபைல் செத்தது, புதிது பிறந்தது என்று முடிவு கட்டிவிட்டது. அந்தக் கமிட்டைத் திருப்பிப் போட ரிவர்ட் செய்து பார்த்தேன். ஃபைல் திரும்பி வந்தது, ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவந்தவள் என்று அதற்கும் என் பெயரே!

கடைசியில் தாடிக்கும் பையனுக்கும் போன் போட்டு, மெயினிலிருந்து இறக்கியதை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, அந்தக் கமிட்டே இல்லாதபடி ஃபோர்ஸ் புஷ் செய்தேன். தாடி அரை மணி நேரம் அறிவுரை சொன்னான், கேட்டுக்கொண்டேன். இந்த முறை பெயரையும் இம்போர்ட் வரிகளையும் தவிர எதையும் தொடவில்லை. இப்போது பிளேமில் நீ பழையபடி இருக்கிறாய், போய்ப் பார்.

இனி உன் வேலை. நீ தனியாகப் பிரித்து வேலை செய்த உன் பாமினி பிராஞ்ச் இரண்டு வருடமாக அப்படியே கிடக்கிறது. அதை மெயினோடு மெர்ஜ் செய்து இணைக்கும்போது கிட் நடுவில் இருக்கும் கமிட்களைப் பார்க்காது. பிரிந்த இடம், உன் நுனி, என் நுனி, இந்த மூன்றும்தான் அதற்குக் கணக்கு. இன்றைக்கு இணைத்தால், பழைய பெயரில் நீ செய்த திருத்தம் புதுப் பெயர் ஃபைலுக்குள் தானாகப் போய் உட்காரும். டேப் மாற்றத்தையும் போட்டுவிட்டேன் என்றால் போகாது, முழுக்க நீ கையால் பிரித்துக் கட்ட வேண்டும். நம்முடையதைப் பயன்படுத்துகிறவர்களுக்காகப் பழைய பெயரிலும் ஒரு இரண்டு வரி ஃபைல் வைத்து, அதிலிருந்து புதியதற்கு வழி காட்டலாம் என்று இருக்கிறேன். 2006-இல் புதுச்சேரி என்று சட்டமாகியும் கண்டக்டர் இன்னும் "பாண்டி, பாண்டி" என்றுதானே கத்துகிறார், பஸ் வந்து சேராமலா இருக்கிறது? ஆனால் பழைய பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் பெயர் மாறியதாகவே கிட் நினைக்காது. அதனால் அதையும் உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். பையன் தினமும் "போடலாமா அக்கா" என்கிறான். எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும் என்று தெரியவில்லை.

பாப்பா தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கு. முடியாதென்றால் முடியாது என்று ஒரு வரி போடு, நானே இணைக்கிறேன், கமிட்டில் உன் பெயர்தான் இருக்கும். பதில் போடாமல் மட்டும் இருக்காதே. அந்த விஷயத்தில் நான் பேச யோக்கியதை இல்லாதவள் என்று தெரியும், இருந்தாலும்.

இரண்டாவது முறை செய்தபோது 'கொம்பு' ஃபைலுக்கு மட்டும் பெயர் மாற்றவில்லை. 'உயிர்க்குறி வரிசை' என்று வைக்கலாம் என்கிறான் தாடி. சரியான பெயர்தான், எனக்குத்தான் மனம் வரவில்லை. நீ சொல்.

அம்மா பண்ருட்டிப் பலாவை உரித்து உனக்கென்று ஒரு டப்பா எடுத்து வைத்தார்கள். நான் தின்றுவிட்டேன்.

உன்
வாத்து