பேய் வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள யூடியூப் நண்பர்களே,

வணக்கம். விக்டோரியா காலத்து மனநல விடுதி என்றாலே உங்களுக்கு ஒரு மணிக்கூண்டு வேண்டும். மின்னல், 'டங் டங்' என்று பன்னிரண்டு அடி, அப்புறம் வெள்ளைச் சேலை. (இங்கிலாந்தில் ஏது சேலை என்று கேட்டு வம்பு வளர்க்க மாட்டேன்.)

இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் மென்ஸ்டனில் இருக்கும் ஹை ராய்ட்ஸ் என்ற பழைய மனநல விடுதியின் மணிக்கூண்டைப் பார்த்தால் உங்களுக்குக் கை துறுதுறுக்கும், சரிதான். கட்டட வடிவமைப்பு ஜே. விக்கர்ஸ் எட்வர்ட்ஸ், திறந்தது 1888 அக்டோபரில். ஆனால் கூண்டுக்குக் கீழே பாதாளச் சிறை எதுவும் இல்லை, நிர்வாக அலுவலகம்தான் இருந்தது. நடையில் மொசைக் தரை, அதில் அந்த வட்டாரத்துச் சின்னமான யார்க்‌ஷயர் ரோஜா. பேக்கரி, கறிக்கடை, பால்பண்ணை, செருப்புத் தைக்கும் பட்டறை என்று ஒரு ஊரே உள்ளுக்குள் ஓடியது. அத்தனை பேரையும் எழுப்ப, சாப்பிட வைக்க, வேலைக்கு அனுப்ப, படுக்க வைக்க ஒரே நேரம் வேண்டாமா? கடிகாரம் அதற்குத்தான். பேய்க்கு அங்கே வேலையே இல்லை.

பயப்பட வேண்டிய சங்கதி வேறு. ஒவ்வொரு கவுண்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஏழை மனநோயாளிகளுக்கு விடுதி கட்டியே ஆக வேண்டும் என்றது 1845 சட்டம். மாஜிஸ்திரேட் உத்தரவு ஒன்று, டாக்டர் சான்றிதழ் ஒன்று. ஆளை உள்ளே அனுப்ப அது போதும். திரும்பிப் போகாதவர்கள் பலர். 1890 முதல் 1969 வரை ஹை ராய்ட்ஸ் நோயாளிகள் 2,861 பேரைப் பக்கத்திலேயே பக்கிள் லேனில் புதைத்தார்கள். யாருக்கும் பெயர் பொறித்த கல் கிடையாது. 1969 என்பது நம் தாத்தா பாட்டி காலம், கவனியுங்கள். பின்னாளில் தன்னார்வலர்கள்தான் அந்த இடத்தைச் சீர்செய்து நினைவுத் தோட்டமாக்கினார்கள்.

மணிக்கூண்டைக் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுங்கள், அழகான கட்டடம். கூடவே பக்கிள் லேனுக்கும் நடந்து போய் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியோடு அலறும் உருவங்களாக ஆக்காதீர்கள். பலர் தோட்டத்திலும் சலவைக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி 2003இல் மூடப்பட்டது. இப்போது அது செவின் பார்க் குடியிருப்பு, குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் இருக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ஜன்னலோரம் ட்ரோன் விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்